கல்யாணத்துக்கு முன்னால் ஊசி போடலாமா?



'மருத்துவர் பதில்கள்' பகுதிக்கு வருகிற கடிதங்களில், பெயரும் ஊரும் போடாமல் வருபவற்றை நானே பிரித்துப் படிப்பது வழக்கம். சென்ற மாதம் அப்படி ஒன்று வந்தது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் இளைஞர், வயது 27. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒரு வருடமாக ஓயாத அசதி, எதிலும் பிடிப்பில்லை, ஆசை என்பதே மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்கிறார். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. சலுகை விலையில் 'ஃபுல் பாடி செக்கப்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த ஒருநாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டிலேயே ரத்தம் கொடுத்திருக்கிறார். வந்த ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் என்ற வரிக்கு எதிரே 238. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'குறைவு'. அதைப் பார்த்த ஜிம் நண்பர், "மூணு ஊசி போட்டா எல்லாம் சரியாப் போயிடும், நானே வாங்கித் தர்றேன்" என்றாராம். கல்யாணத்துக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாமா என்பது கேள்வி. கடிதத்தின் அடியில், மற்ற எழுத்தில் பாதி அளவில், இன்னொரு வரி: "சின்ன வயசுப் பழக்கம்தான் காரணமா?"

முதலில் அந்தச் சின்ன எழுத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், தம்பி. இல்லை. சுய இன்பத்தால் டெஸ்டோஸ்டிரோன் வற்றிப்போவதில்லை, நரம்பு தளர்வதில்லை, குழந்தை பிறக்காமல் போவதுமில்லை. இந்தப் பயத்தை விதைத்து அறுவடை செய்கிற ஒரு தொழிலே நம்மூரில் நடக்கிறது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ், நள்ளிரவு டி.வி.யில் 'பரம்பரை வைத்தியர்', மாதத்தில் ஒருநாள் லாட்ஜ் அறையில் முகாம். 'இளமையில் செய்த தவறு' என்ற மூன்று வார்த்தைதான் அவர்களுடைய முதல். தாம்பத்திய சக்தியைக் கூட்டித் தருவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடைசெய்கிறது. விந்து போய்விட்டது, அதனால் உடம்பே போய்விட்டது என்று நம்பி உருக்குலைகிற நிலைக்கு 1960-லேயே 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்து, அதை மனநல மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் இந்திய மருத்துவர் என்.என்.விக். சட்டமும் வந்து, பெயரும் வைத்து இத்தனை காலமாகிறது. நோட்டீஸ் இன்னும் ஒட்டப்படுகிறது. முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்களை நான் இங்கே சேர்க்கவில்லை. லாட்ஜ் ஆட்களால் அவர்களுக்கும்தான் கெட்ட பெயர்.

இப்போது அந்த 238-க்கு வருவோம்.

உடல் பருமன் இல்லாத, 19 முதல் 39 வயது வரையிலான ஆண்களுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 264 முதல் 916 நானோகிராம் வரை இருக்கலாம் என்று, அமெரிக்க, ஐரோப்பிய ஆண்களின் ரத்த மாதிரிகளை வைத்து 2017-ல் ஓர் ஆய்வு வரையறுத்தது. அமெரிக்க யூராலஜி சங்கம் 300-ஐ எல்லையாக வைத்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் 238 குறைவுதான். ஆனால் அது எப்போது எடுத்த 238? டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கும். வயதானவர்களைவிட இளைஞர்களுக்கு இந்த இறக்கம் அதிகம். சாப்பிட்டாலும் குறையும். காய்ச்சலில் படுத்து எழுந்தால் சில வாரம் குறைந்தே இருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் சரிந்தது. 2011-ல் வெளியான ஆய்வு இது. நைட் ஷிஃப்ட் முடித்து, தூக்கம் கெட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பிற்பகலில் கொடுத்த ரத்தத்தில் வேறென்ன வரும்?

அதனால்தான் காலை 7-லிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்து, இரண்டிலும் குறைவாக இருந்தால் மட்டுமே குறைபாடு என்று பேச ஆரம்பிக்கிறார்கள். அதுவும் உடம்பில் அறிகுறி இருந்தால்தான். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு விடியற்காலை என்பதே வேறு. நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு எடுக்க வேண்டும் என்பதை லேப்பிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சில லேப் கருவிகளை அது ஏமாற்றிவிடும். போகிற போக்கில் இன்னொன்று: ஒரு லேப்பில் 4.5 என்றும் இன்னொரு லேப்பில் 450 என்றும் வந்தால் பதற வேண்டாம். முன்னது மில்லிலிட்டர் கணக்கு, பின்னது டெசிலிட்டர் கணக்கு. அளவு ஒன்றுதான்.

யாரிடம் போவது? எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம். நம்மில் பலருக்கு அவரை 'சுகர் டாக்டர்' என்றுதான் தெரியும். ஹார்மோன் எல்லாமே அவர் கையில்தான். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவ ஓ.பி. சீட்டு போட்டுத் தொடங்கலாம்.

நல்ல மருத்துவர் உடனே ரிப்போர்ட்டைப் புரட்ட மாட்டார். தாடியை எத்தனை நாளைக்கு ஒருமுறை மழிக்கிறீர்கள், குரல் எந்த வயதில் உடைந்தது, காலையில் விரைப்பு வருகிறதா, சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கியதா, ஜிம்மில் ஏதாவது ஊசி போட்டதுண்டா என்று கேட்பார். காபித்தூள் மணம் தெரிகிறதா என்றுகூடக் கேட்கலாம். சிரித்துவிடாதீர்கள். மூளையில் ஹார்மோன் ஆணை புறப்படும் இடத்திலேயே பிறவிக் கோளாறு உள்ள கால்மன் சிண்ட்ரோம்காரர்களுக்கு வாசனையே தெரியாது. மார்பில் கட்டி மாதிரி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மணிச்சரம் வெளியே வரும். நூலில் கோத்த 12 நீள்உருண்டை மணிகள். சின்னது 1 மில்லி, பெரியது 25 மில்லி. சுவிஸ் மருத்துவர் ஆந்த்ரேயா பிராடர் 1966-ல் அறிமுகம் செய்த கருவி இது. ஒரு கையில் மணி, மறு கையில் விந்தகம் என்று தொட்டுத் தொட்டு ஒப்பிட்டு அளவு சொல்வார்கள். மருத்துவர்களே இதை 'ஜெபமாலை' என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வளர்ந்த ஆணுக்கு வழக்கமாக 15-க்கு மேல் இருக்கும். 5-ஐக்கூடத் தொடவில்லை என்றால், எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோமோ என்று சந்தேகிப்பார்கள். ஆண்களில் சுமார் 600 பேருக்கு ஒருவருக்கு இது உண்டு. பாதிப் பேருக்கு மேல் தெரியாமலே வாழ்ந்துவிடுகிறார்கள், அல்லது குழந்தை இல்லை என்று பரிசோதனைக்குப் போகிற அன்றுதான் தெரிந்துகொள்கிறார்கள். லாட்ஜ் லேகியம் தின்று இவர்கள் தொலைத்த வருடங்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அடுத்து எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., புரோலாக்டின், தைராய்டு என்று சில ரத்தப் பரிசோதனைகள். இதில் எல்.ஹெச். முக்கியம். நம் தம்பி தொழிற்சாலைக்காரர் என்பதால் அவர் மொழியிலேயே சொல்கிறேன். விந்தகம்தான் ஃபேக்டரி. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற ஹெட் ஆஃபீஸ் அனுப்பும் ஆர்டர்தான் எல்.ஹெச். ஆர்டர் குவிந்தும் சரக்கு வரவில்லை என்றால் கோளாறு ஃபேக்டரியில். ஆர்டரே வரவில்லை என்றால் கோளாறு மேலே. மேலே என்றால் பிட்யூட்டரியில் சின்னக் கட்டியாக இருக்கலாம். புரோலாக்டினைச் சுரக்கும் வகைக் கட்டி பெரும்பாலும் கத்தியே வைக்காமல் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். உடல் பருமனாக இருக்கலாம், சர்க்கரை நோயாக இருக்கலாம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறாக இருக்கலாம். இன்னொரு காரணம் நம்மூருக்கு ரொம்பப் பொருந்தும். 'கேஸ் டிரபிள்' என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாதக்கணக்கில் விழுங்குகிறோமே, அந்தக் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் டாம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ இருக்கும். இரண்டுமே புரோலாக்டினை ஏற்றும். புரோலாக்டின் ஏறினால் மேலிருந்து வரும் ஆர்டர் குறையும். சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டிவிடுவது உத்தமம்.

இனி அந்த ஜிம் ஊசி. வெளியிலிருந்து சரக்கு வந்து இறங்கினால் ஹெட் ஆஃபீஸ் என்ன செய்யும்? ஆர்டரை நிறுத்தும். ஃபேக்டரி மூடப்படும். மூடப்படுவது டெஸ்டோஸ்டிரோன் பிரிவு மட்டுமில்லை. அதே வளாகத்தில்தான் விந்தணு உற்பத்தியும் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? வாரத்துக்கு 200 மில்லிகிராம் வீதம் போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்தணு அறவே இல்லாமல் போனது. 1990-ல் அந்த முடிவுகள் வெளியாயின. தையில் கல்யாணம் வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் பேரக்குழந்தை எதிர்பார்க்கும் வீட்டுப் பிள்ளை, ஆண்மைக்கு என்று போட்டுக்கொள்ளப் போவது இதைத்தான். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு உற்பத்தி திரும்பிவிடும். ஆனால் மாதக்கணக்காகும், சிலருக்கு அதற்கும் மேல். ரத்தம் கெட்டிப்படுவது, முகப்பரு, தூக்கக் கோளாறு முற்றுவது எல்லாம் தனி.

"போட்ட மறுநாளே சும்மா பறக்குது" என்று சொல்கிறவர்களைக் கேட்டிருப்பீர்கள். 1889-ல் பாரிஸில் பிரவுன்-செக்கார் என்ற பெரிய விஞ்ஞானி, 72 வயதில், நாய், கினிப்பன்றி விந்தகங்களின் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, வாலிபம் திரும்பிவிட்டதாக உயிரியல் சங்கக் கூட்டத்தில் அறிவித்தார். நீர்ச்சாறு அது, டெஸ்டோஸ்டிரோனோ தண்ணீரில் கரைவதே அபூர்வம். அவருக்குத் தெம்பு கொடுத்தது அவருடைய நம்பிக்கைதான். அவ்வளவு படித்தவருக்கே அப்படி என்றால் ஜிம் நண்பரைக் குறை சொல்லி என்ன பயன்?

அதற்காக ஊசி என்றாலே விஷம் என்று நான் பயமுறுத்துவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காரணம் கண்டுபிடித்து, குறைபாடு உறுதியானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை வாழ்க்கையையே மாற்றும். எலும்பு வலுப்படும், ரத்தசோகை நீங்கும், மனசு தெளியும். ஊசியாகவும் தருகிறார்கள், தோலில் தடவும் ஜெல்லாகவும் தருகிறார்கள். அவ்வப்போது ரத்த அடர்த்தியைப் பார்த்துக்கொள்வார்கள். கோளாறு மேலே இருந்து, குழந்தையும் வேண்டும் என்றால் ஃபேக்டரியை மூடாமல் தட்டி எழுப்பும் வேறு ஊசிகள் இருக்கின்றன. எடை கூடியதுதான் காரணம் என்றால், எடை இறங்க இறங்க அளவு தானாக ஏறுவதும் உண்டு.

வாசகிகளில் பலர் அம்மாக்கள், அக்காக்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பையன் டாக்டரிடம் போகிறேன் என்றால் கூடவே போய் அறைக்குள்ளும் உட்காராதீர்கள். பக்கத்தில் அம்மா, வாசலில் அடுத்த டோக்கன்காரர் எட்டிப் பார்க்கிறார் என்றால் எந்தப் பிள்ளையும் "அசதியா இருக்கு சார்" என்பதற்கு மேல் வாய் திறக்க மாட்டான். சத்து மாத்திரையோடு வீடு திரும்புவான். தம்பிகளே, வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்: ஆசை குறைந்திருக்கிறது, எப்போதிலிருந்து, தூக்கம் எவ்வளவு, என்ன மாத்திரை, கல்யாணம் எப்போது. மருத்துவருக்கு இது தினமும் பார்க்கிற வேலை. அசதிக்கும் ஆசைக் குறைவுக்கும் தைராய்டோ ரத்தசோகையோ மனச்சோர்வோ காரணமாக இருப்பது சர்வ சாதாரணம். மனச்சோர்வு என்று தெரியவந்தால் அதுவும் வைத்தியம் உள்ள நோய்தான்.

கடைசியாக, அவர் கேட்காத ஒரு கேள்வி. அந்தப் பெண்ணிடம் சொல்வதா? ஒற்றை ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இப்போதே ஊரைக் கூட்டத் தேவையில்லை. இரண்டு காலைப் பரிசோதனையும் முடிந்து, காரணம் இன்னது என்று மருத்துவர் சொன்ன பிறகு, நீண்ட காலச் சிகிச்சை வேண்டியிருக்கும் என்றாலோ குழந்தைப்பேறு தள்ளிப்போகும் என்றாலோ, தாலி ஏறுவதற்கு முன் அவளிடம் நேரில் சொல்லிவிடுங்கள், தம்பி. மாமனாரிடமோ தரகரிடமோ சொல்லி அனுப்ப வேண்டாம். விரும்பினால் அவளையும் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நாள் போதாது என்றால் முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கலாம். மாசியிலும் வைகாசியிலும் மண்டபம் கிடைக்கும்.

எங்கள் மருத்துவரின் விரிவான பதில் வழக்கமான பக்கத்தில் வெளியாகியிருக்கிறது. இதே மாதிரி கேள்விகள் உள்ளவர்கள் எழுதுங்கள். பெயர் வேண்டாம், வயதும் சாப்பிடுகிற மருந்துகளின் பெயரும் மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள். ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தால், எத்தனை மணிக்கு எடுத்தது என்பதையும்.

அன்புடன்,
ஆசிரியர்