கையொப்பமும் கைப்பழக்கமும்

எமது கல்லூரி விழாக் காணும்போதெல்லாம், அதன் மலரில் எழுதப் புகுவோர் கடந்த காலத்தின் சிறப்பை எடுத்தோதுவது வழக்கம். அது தக்கதே. இக்கல்லூரியின் வாங்குகளில் அமர்ந்து எழுத்தும் ஒழுக்கமும் பெற்ற நாமும் அம்மகிழ்ச்சியில் முழுமனத்தோடு பங்குகொள்கின்றோம். ஆயினும், கலியாண வீட்டிலே பந்தலின் அழகைப் பார்ப்பவர் பலர் இருக்க, பந்தற்கால் உறுதியாக ஊன்றப்பட்டுள்ளதோ என்று அசைத்துப் பார்ப்பவர் ஒருவரும் வேண்டும். அவ்வேலையை இம்முறை நாம் மேற்கொள்ள விரும்புகின்றோம்.

நாம் அசைத்துப் பார்க்க எண்ணும் கால், பல்கலைக்கழக மாணவருக்கு விதிக்கப்பட்டுள்ள செய்முறைப் பயிற்சியாகும். பல்கலைக்கழகம் புகும் எம் மாணவருட் பலர், விரிவுரை கேட்டுப் பரீட்சை எழுதினாற் பட்டம் கிடைத்துவிடும் என்றே எண்ணிச் செல்கின்றனர். பல துறைகளில் அஃது உண்மையன்று. மருத்துவம் பயில்வோர் நோயாளரின் படுக்கையருகே நின்று பயில வேண்டும்; இறுதிப் பரீட்சையிற் சித்தியெய்திய பின்னரும் ஓராண்டு வைத்தியசாலையிற் பயிற்சி பெற்றாலன்றி இலங்கை மருத்துவச் சபையில் அவர்களது பெயர் முழுமையாகப் பதியப்படாது. கல்வியியல் பயில்வோர் பாடசாலைக்குச் சென்று வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். பொறியியல் பயில்வோர் பல மாதங்கள் தொழிற்சாலையிலோ வேலைத்தலத்திலோ பயில வேண்டும். அன்றன்று செய்ததை நாட்குறிப்பில் எழுதி, அங்குள்ள பொறுப்பாளரின் கையொப்பம் பெற வேண்டும். முடிவில் அறிக்கை கொடுத்து வாய்மொழிப் பரீட்சைக்கும் தோற்ற வேண்டும்.

இவ்வொழுங்கு எம் மண்ணுக்குப் புதியதன்று. தச்சரும் கொல்லரும் தவில் நாதசுர வித்துவான்களும் தத்தம் குருவின் பக்கத்தே ஆண்டுக்கணக்காக இருந்தே வித்தை கற்றனர். மேனாட்டு மருத்துவம் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியதும் இம்முறையினாலேயே. 1847 இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்து, 60 இற்கு மேற்பட்டோரை வைத்தியராக்கினார். பின்னாளில் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். அவருடைய மாணவர் நூலை மாத்திரம் படித்தாரல்லர்; மருந்துச் சாலைக்கு வந்த நோயாளரை அவரோடு உடனிருந்து கண்டனர். சமயத்தால் நாம் அவரின் வேறுபட்டோமாயினும், அவர் கற்பித்த முறையைப் போற்றாதிருத்தல் நன்றியன்று. பிற்காலத்தே 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றி, 1950 இல் அதிற் பொறியியற் பீடம் அமைந்தது. 1960 இல் கட்டுபெத்தையில் எழுந்து, பின்னர் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனத்துக்கு முதலில் இட்ட பெயரே செய்முறைத் தொழினுட்ப நிறுவகம் என்பதாகும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைப் பல்கலைக்கழகங்களை அமைத்தோரும் அறிந்தேயிருந்தனர்.

அவர்கள் அறிந்தது இன்று எவ்வாறு நடைபெறுகின்றது? பிறரைக் குறைகூறுமுன் எம் குறையைக் கூறிவிடுதல் முறையாகும்.

நாம் பொறியியல் பயின்ற காலத்திற் பயிற்சிக்கென எமக்குக் கிடைத்தது ஒரு கட்டட வேலைத்தலம். முதலிரு கிழமைகள் ஊக்கத்தோடு சென்றோம். எம்மை அங்கு ஒருவரும் பொருட்படுத்தவில்லை. வரைபடங்களைச் சுருட்டி வைப்பதும், கணக்குப் புத்தகத்தைக் கூட்டிப் பார்ப்பதும், தேநீருக்குக் காத்திருப்பதுமாக நாட்கள் கழிந்தன. பின்னர் நாமும் நேரஞ்சென்று போகவும், வெயில் ஏறுமுன் திரும்பவும் பழகிக்கொண்டோம். நாட்குறிப்பை அன்றன்று எழுதினோமில்லை. பயிற்சி முடிய இரண்டு நாட்கள் இருக்கையில், முந்திய ஆண்டு மாணவர் ஒருவரின் குறிப்பை இரவல் வாங்கி, மூன்று மாத நாட்குறிப்பையும் இரண்டு இரவுகளில் எழுதி முடித்தோம். மை ஒன்றாயிருப்பின் ஐயம் எழும் என்று மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினோம். பொறுப்பாளர் ஒரு பக்கத்தையேனும் படியாமல், எல்லாப் பக்கங்களிலும் கையொப்பம் இட்டுத் தந்தார். வாய்மொழிப் பரீட்சையிலும் நன்றாகவே விடை பகர்ந்தோம்.

அந்நாட்குறிப்பின் ஒரு பக்கத்தில், கொங்கிறீற்றுக் கலவையின் இளக்கத்தைக் கூம்பினால் அளந்து சோதித்ததாக எழுதியிருந்தோம். கூம்பின் உயரம் 300 மில்லிமீற்றர், அடிவிட்டம் 200, மேல்விட்டம் 100. மூன்று படையாக நிரப்பி, ஒவ்வொரு படையையும் கோலினால் 25 முறை குத்த வேண்டும். பின்னர் கூம்பை நேரே மேலே தூக்கி, கலவை எவ்வளவு அமர்ந்தது என்று அளக்க வேண்டும். இவை யாவும் எமக்கு மனப்பாடம். ஆனால், அக்கூம்பை நாம் ஒருநாளேனும் கையால் தொட்டதில்லை.

பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் செல்லுமுன், ஒரு கிராமப் பாடசாலைக்கு மாடிக் கட்டடம் எழுப்பும் பொறுப்பு எம்மிடம் வந்தது. மேற்றளம் வார்க்கும் நாள், சித்திரை வெயில். மதியம் கடந்த பின் கலவை விரைவாக இறுகத் தொடங்கவே, வேலையாட்கள் அஃது இலகுவாகப் பரவும்பொருட்டு நீரைக் கூட்டினர். நாம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வயது முதிர்ந்த மேசன் ஒருவர் எம்மருகே வந்து, ஒரு பிடி கலவையை உள்ளங்கையில் ஏந்திக் காட்டி, “ஐயா, இது கஞ்சியாய்ப் போச்சுது. இனியும் விடட்டோ?” என்று கேட்டார். எவ்வளவு நீர் மிகை என்பது எமக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் நாணினோம். “விடுங்கள்” என்றோம்.

அன்று எடுத்து வைத்த கொங்கிறீற்றுக் கட்டிகள் 7 ஆம் நாளும் 28 ஆம் நாளும் உடைத்துப் பார்க்கப்பட்டன. மதியத்துக்குப் பின் எடுத்தவை வேண்டிய வலிமையைக் காட்டவில்லை. மிகையாக ஊற்றிய நீர் வற்றும்போது உள்ளே நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். அத்துளைகள் கொங்கிறீற்றின் வலிமையைக் குறைக்கும். இதுவும் நாம் படித்த நூலில் உள்ளதே. தளத்தின் அப்பகுதியை இடித்து மீண்டும் வார்க்க வேண்டியதாயிற்று. அப்பாடசாலைப் பிள்ளைகள் இன்னும் ஒரு தவணை முழுவதும் ஓலைக் கொட்டகையில் இருந்து படித்தனர். ஒருநாட் பெய்த மழையில், அவர்கள் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுக்கிடம் தேடி ஓடியதை நாம் கண்டோம்.

அந்த மேசன் எம்மை ஒரு சொல்லும் சொன்னாரல்லர். மீண்டும் வார்ப்பதற்கு முந்திய நாள் மாலை, வேலையாட்கள் சென்ற பின், சாக்கிற் சுற்றிக் கிடந்த இரும்புக் கூம்பைக் கொண்டுவந்து எம்முன் வைத்து, “ஐயா, ஒருக்கால் உங்கட கையாலை நிரப்பிப் பாருங்கோ” என்றார். பல்கலைக்கழகம் முடிந்ததென்று சான்றளித்த எம் செய்முறைப் பயிற்சி, உண்மையில் அன்று மாலையிலேதான் தொடங்கியது.

இதனைப் பெருமைக்காக எழுதினோமல்லோம். எம்மைப் போல் எழுதுவோர் இன்றும் உளர் என்பதை அறிந்தே எழுதுகின்றோம். இன்றோ மூன்று பேனாக்களும் வேண்டா. ஒரு சொற் கேட்டால் மூன்று மாத நாட்குறிப்பையும் கணினியே எழுதித் தருகின்றது. பொய் எழுதுவதற்கு அன்று இருந்த சிறு வருத்தமும் நீங்கிவிட்டது.

ஆயினும் மாணவரை மாத்திரம் பழித்தல் நீதியன்று. அவர்கள் கூறும் முறைப்பாடுகளில் உண்மை உண்டு. வடபுலத்து மாணவன் பயிற்சிக்கு எங்கே செல்வான்? 1950 இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் மூடப்பட்டது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரினால் ஓய்ந்தது. ஒரு காலத்தில் எம் பிள்ளைகள் பலர் தொழில் பழகிய இடங்கள் அவை. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருந்தும், பெரிய தொழிற்சாலைகளுள் மிகப்பல கொழும்பையும் அதன் அயலையும் சார்ந்தே உள்ளன. அங்கே தங்க இடம் வேண்டும்; உணவுக்குப் பணம் வேண்டும்; வேலைத்தலத்திற் பேசச் சிங்களம் வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தங்குமிடம் தேடும் பெற்றோரின் கவலையைச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவும் கடந்து சென்றவனை அங்குள்ளோர் தேநீர் வாங்கவும் படிப்பிரதி எடுக்கவும் அனுப்புவாராயின், அவன் கையொப்பத்தோடு அமைவதில் வியப்பென்ன?

இதனைக் கண்டு, இப்பயிற்சியை நீக்கிவிட்டு அம்மாதங்களிலும் விரிவுரை நடத்தலாம், வேண்டிய செய்முறையை ஆய்வுகூடத்திற் காட்டிவிடலாம் என்பாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். ஆய்வுகூடத்திற் கலவை இறுகுவதற்குள் வெயில் ஏறுவதில்லை, வேலையாட்கள் களைப்பதில்லை, விடட்டோ என்று ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்பதுமில்லை. தெரிந்ததைச் சொல்லப் பரீட்சை மண்டபம் கற்பிக்கும். தெரியாததைத் தெரியாதென ஒப்புக்கொண்டு, தெரிந்தவரிடம் கேட்டறியும் பணிவை வேலைத்தலமே கற்பிக்கும். அப்பணிவு எமக்கு இருந்திருப்பின் அப்பிள்ளைகள் மழையில் நனைந்திரார். ஆதலின், பயிற்சி நிலைத்தல் வேண்டும். அதனோடு அது மெய்யாதலும் வேண்டும்.

அதற்கு நாம் கூறக்கூடியன சில.

முதலாவது, பல்கலைக்கழகங்களுக்கு. நாட்குறிப்பின் ஒவ்வொரு நாளும் நிரம்பியிருத்தல் வேண்டும் என்னும் விதியே பொய்க்கு வாயிலாகின்றது. “இன்று எமக்கு ஒரு வேலையும் தரப்படவில்லை” என்று உண்மை எழுதிய மாணவனுக்குப் புள்ளி குறையுமாயின், அவன் உண்மை எழுதான். வெறுமையான பக்கம் மாணவனின் குற்றமன்று. பயிற்சி அளிக்கும் இடத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு அவன் அனுப்பும் செய்தி அது. அச்செய்தி கிடைத்ததும் விரிவுரையாளர் ஒருவர் அவ்விடத்துக்கு நேரிற் செல்லல் வேண்டும். வாய்மொழிப் பரீட்சையிலும், சொல் என்று கேட்பதை விட்டு, செய்து காட்டு என்று ஒரு முறையேனும் கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, கையொப்பம் இடும் பொறுப்பாளருக்கு. எம் பழைய மாணவருட் பலர் இன்று அந்நாற்காலியில் இருக்கின்றனர். கிழமைக்கு ஒருமுறை, பத்து நிமிடம், ஒரு கேள்வி. இவ்வளவே நாம் வேண்டுவது. கேள்வி கேளாமற் கையொப்பம் இடுதல் மாணவனுக்குச் செய்யும் உபகாரமன்று. எமக்கு இரங்கி அன்று கையொப்பம் இட்டவர், எம்மிடம் வேலை வாங்கியிருப்பாராயின் அதுவே பேருதவியாயிருக்கும்.

மூன்றாவது, எம் பழைய மாணவர் சங்கத்துக்கு. கட்டடம் கட்டப் பணம் திரட்டுவதிலும் விளையாட்டுப் போட்டிக்குக் கிண்ணம் வழங்குவதிலும் எம் சங்கம் பின்னிற்பதில்லை. அதனோடு ஒரு பதிவேட்டையும் அது வைத்திருத்தல் நன்று. எந்தத் தொழிற்சாலையில், எந்த வைத்தியசாலையில், எந்தப் பண்ணையில் எம்மவர் உளர், ஆண்டுக்கு ஒரு மாணவனையேனும் பக்கத்தில் வைத்துப் பழக்க அவருள் யார் உடன்படுவர், கொழும்பில் ஓர் அறை கொடுக்கக்கூடியவர் யார் என்பன அதிற் பதியப்பட வேண்டும். வடபுலத்திலும் இடங்கள் இல்லாமலில்லை. மன்னார்த் தீவிலே 2020 இல் திறந்துவைக்கப்பட்ட காற்றாலையில் 30 சுழலிகள் நிற்கின்றன. இரணைமடுக் குளமும் அதன் வாய்க்கால்களும் உள. வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் உள. இவற்றின் கதவுகளைத் தட்டித் திறப்பித்தல் மாணவன் ஒருவனால் ஆகாது, சங்கத்தால் ஆகும். ஆனால் ஒன்று: தொலைபேசியில் அழைத்து, “எங்கட பிள்ளை, பார்த்துச் செய்யுங்கோ” என்று கையொப்பத்துக்குச் சிபாரிசு செய்யும் வழக்கத்தை நாம் இன்றோடு விட வேண்டும்.

இறுதியாக, இம்மலரைப் படிக்கும் மாணவத் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. நாளை நீங்கள் பயிற்சிக்குச் செல்லும்போது, நாட்குறிப்பை அன்றன்று மாலையிலேயே எழுதுங்கள். எம் கையாற் செய்தது எது, கண்ணாற் கண்டது எது, விளங்காதது எது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். மூன்றாவது பகுதி நீண்டிருப்பின் வெட்கப்படாதீர்கள். அதனை எடுத்துக்கொண்டு அங்குள்ள மேசனிடமும் மின்வேலை செய்பவரிடமும் தாதியிடமும் செல்லுங்கள். அவர்களுட் பலருக்குப் பட்டமில்லை. ஆயினும் கேட்பவனுக்குக் கற்பிக்க மறுப்பவரை நாம் எம் வாழ்நாளில் மிக அரிதாகவே கண்டுள்ளோம்.

எமக்குக் கற்பித்த அந்த மேசன் இன்று இல்லை. அவர் வார்த்த தளத்தின் கீழ் இன்றும் பிள்ளைகள் படிக்கின்றனர். எமது கல்லூரி இன்னும் பல விழாக்கள் காண வேண்டும் என்று இறைவனை வேண்டும் நாம், அவ்விழாக்களில் வந்து அமரும் வைத்தியரும் பொறியியலாளரும் ஆசிரியரும் தம் நாட்குறிப்பை அஞ்சாமல் எடுத்துக் காட்டக்கூடியவராய் இருத்தல் வேண்டும் என்பதையும் அவ்வேண்டுதலோடு சேர்த்துக்கொள்கின்றோம்.