முகுந்த் என்ன சாதி?

2024 தீபாவளிக்கு 'அமரன்' வந்தது. தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த கூட்டம், ராசிபுரம் டீக்கடையில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, மேஜர் முகுந்த் வரதராஜன் என்ன சாதி என்பதுதான். படத்தில் ஏன் மறைத்தார்கள் என்று ஒரு கூட்டம். அதை வைத்தே ஏளனம் பேசிய இன்னொரு கூட்டம். தமிழனாக, இந்தியனாகக் காட்டினால் போதும் என்று குடும்பத்தாரே கேட்டுக்கொண்டதாக இயக்குநர் சொன்ன பிறகும் வாய்கள் ஓயவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் படிவங்களோடு குப்பை கொட்டியவன் நான். சாதிக்கு ஒரு கட்டம் எங்கே வேண்டும் என்று எனக்குத் தெரியும். படிப்புக்கு வேண்டும், வேலைக்கு வேண்டும், உதவித்தொகைக்கு வேண்டும். அந்தக் கட்டத்தை அடிக்கச் சொன்னால் நானே சண்டைக்கு வருவேன். குண்டடிபட்டுச் செத்தவனுக்கு எதற்கு ஐயா அது?

நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2014 ஏப்ரல் 24 அன்று நாமெல்லாம் மை வைத்த விரலோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். அதே நாள் காஷ்மீரில் ஷோபியான் பக்கம், வாக்குப்பதிவு முடிந்து திரும்பிய தேர்தல் ஊழியர்கள் மீது தீவிரவாதிகள் சுட்டார்கள். எத்தனை தேர்தலுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாமும் கொல்லிமலைக்கும் சேர்வராயன் மலைக்கும் போயிருக்கிறோம்! நமக்கு நேர்ந்ததெல்லாம் கொசுக்கடியும் ஆறிப்போன சோறும்தான். மறுநாள் காஸிபத்ரி கிராமத்தில் தீவிரவாதிகள் பதுங்கியிருந்த இடத்தை 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் சுற்றி வளைத்தது. முன்னால் நின்று நடத்திப் போனவர் முகுந்த். அல்தாஃப் வானி என்ற தளபதி அங்கே கொல்லப்பட்டான். குண்டடிபட்ட முகுந்தும் பிழைக்கவில்லை. வயது 31. கைக்குழந்தைப் பருவம் தாண்டிய ஒரு பெண் குழந்தை. 2015 குடியரசு தினத்தன்று ஒபாமா விருந்தினராக உட்கார்ந்திருக்க, அசோக சக்கரத்தை மனைவி இந்து வாங்கிக்கொண்டார். அந்த அம்மாள் கேரளக் கிறிஸ்தவர். இவர்கள் வீட்டுக்குள்ளேயே முடிந்துபோன விஷயத்தைத்தான் நாம் வீதியில் கிளறுகிறோம்.

பெருமைக்காகத்தானே கேட்கிறோம் என்பார்கள். என்ன பெருமை? இவர் எங்கள் ஆள் என்று சொன்ன அந்தக் கணமே, மற்றவர்களுக்கு இவர் வேண்டாதவர் ஆகிவிடுகிறார். நாளைக்கு ஜெயந்திக்கு ஃபிளெக்ஸ் அடித்து, ஓரத்தில் மாவட்டச் செயலாளர் படத்தையும் போட்டுவிடுவார்கள். செத்தவர் வந்து வேண்டாமென்று சொல்லவா போகிறார்?

நான் சிறுவயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரான்சில் சின்னக் கிராமத்தில்கூட முதல் உலகப் போரில் செத்தவர்களுக்கு ஒரு கல் நட்டிருப்பார்கள். பெரும்பாலும் அகரவரிசையில் வெறும் பெயர்கள். பண்ணையார் மகனும் அவர் வீட்டுக் குதிரைக்காரன் மகனும் அடுத்தடுத்த வரியில் வரலாம். புதுவைக் கடற்கரையில் 1938-இல் திறந்துவைத்த போர் நினைவுச் சின்னமும் பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய்ச் செத்த எல்லோருக்கும் பொதுவானதுதான். பிரெஞ்சுக்காரனிடம் ஆயிரம் குறை உண்டு. இது அவனிடம் கற்கவேண்டியது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். காஸிபத்ரியில் அன்று முகுந்த் ஒருவர் மட்டும் சாகவில்லை. சிப்பாய் விக்ரம் சிங்கும் செத்தார். ஆறு மாதம் சாதி விசாரித்த டீக்கடையில், அவருக்கு எந்த ஊர் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.