கிராமத்துக்குப் போனா 10 லட்சம் யென்: ஜப்பான் ஆஃபரை எப்படிப் படிக்கணும்?

"டோக்கியோவை விட்டு கிராமத்துக்குப் போனா ஜப்பான் அரசாங்கமே காசு தருது" என்ற தம்ப்நெயிலை நீங்களும் பார்த்திருப்பீங்க. விஷயம் உண்மைதான். ஆனா ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தா கண்டிஷன் பக்கத்தையும் படிப்போம் இல்லையா? இதையும் அப்படியே படிப்போம்.

முதல்ல, ஏன் தர்றாங்க? 2023 கணக்கெடுப்புப்படி ஜப்பானில் சுமார் 90 லட்சம் வீடுகளில் ஆள் இல்லை. அதாவது மொத்த வீடுகளில் 13.8%. வேலை தேடி இளைஞர்கள் டோக்கியோ பக்கம் போயிடறாங்க. ஊரில் குழந்தைகள் குறைஞ்சா பள்ளிக்கூடம் மூடுது. பள்ளி மூடினா அடுத்த குடும்பமும் கிளம்புது.

இதைத் தடுக்க 2019ல் வந்ததுதான் இந்தத் திட்டம். குடும்பத்துக்கு 10 லட்சம் யென் வரை கிடைக்கும். 2023 ஏப்ரலில் இருந்து குழந்தை ஒன்றுக்குக் கூடுதலா 10 லட்சம் யென் வரை. நம்ம பணத்தில் 10 லட்சம் யென் என்பது ஏறக்குறைய 5-6 லட்சம் ரூபாய்.

இப்போ முக்கியமான கண்டிஷன்கள்:

- கடந்த 10 வருஷத்தில் மொத்தம் 5 வருஷமாவது டோக்கியோ மாநகரின் 23 வார்டுகளில் வசிச்சிருக்கணும், இல்லன்னா சுற்றுவட்டாரத்தில் இருந்து அங்கே வேலைக்குப் போய் வந்திருக்கணும்.
- 3 வருஷத்துக்குள்ள ஊரை விட்டுக் கிளம்பினா முழுப் பணத்தையும் திருப்பிக் கட்டணும்.
- 3 முதல் 5 வருஷத்துக்குள்ள கிளம்பினா பாதி.

அப்படியே நம்ம ஐடி கம்பெனி ஜாயினிங் போனஸ் மாதிரி இருக்கு இல்லையா? என் கருத்து இதுதான்: ஜாயினிங் போனஸை மட்டும் நம்பி யாரும் ஒரு கம்பெனியில் பத்து வருஷம் இருக்கறதில்லை. ஊரும் அப்படித்தான். டோக்கியோ வட்டாரத்துக்கு வர்றவங்களையும் அங்கிருந்து போறவங்களையும் 2020க்குள் சமமாக்கணும்னு 2014லேயே இலக்கு வச்சாங்க. இன்னும் வர்றவங்கதான் அதிகம்.

அப்போ எது வேலை செய்யுது? ஹொக்கைடோவில் கமிஷிஹோரோன்னு ஒரு சின்ன ஊர். 5,000 பேருக்குக் கீழே இறங்கின ஊர். 'ஃபுருசாட்டோ நோஸெய்'னு 2008ல் வந்த ஒரு வரித் திட்டத்தை இந்த ஊர் நல்லா பயன்படுத்திக்கிட்டது. சம்பளக்காரர் தனக்குப் பிடிச்ச ஊருக்கு நன்கொடை கொடுக்கலாம். வரம்புக்குள் கொடுத்தா, 2,000 யென் போக மீதி முழுசும் அவர் கட்ட வேண்டிய வரியில் கழியும். நம்ம 80ஜி-யில் நன்கொடை வருமானத்தில் இருந்துதான் கழியும், அதுவும் பழைய வரி முறையில் மட்டும். வித்தியாசம் புரியுதா?

கமிஷிஹோரோ அந்தப் பணத்தில் ஒரு நிதி உருவாக்கி, 2016ல் இருந்து குழந்தைகள் காப்பகத்தையும் மழலையர் பள்ளியையும் இலவசமாக்குச்சு. இளம் குடும்பங்கள் வந்தாங்க, மக்கள்தொகை மறுபடி 5,000ஐத் தாண்டுச்சு. கிரெஷ் ஃபீஸ் கட்டறவங்களுக்குத் தெரியும், மாசாமாசம் மிச்சமாகிற காசோட அருமை.

இந்தத் திட்டத்திலும் ஓட்டை இருக்கு. நன்கொடைக்குப் பதிலா ஊர்கள் மாட்டிறைச்சி, நண்டுன்னு பரிசு அனுப்ப ஆரம்பிச்சு, அது ஆன்லைன் ஷாப்பிங் மாதிரி ஆயிடுச்சு. அதனால 2019ல் பரிசோட மதிப்பு நன்கொடையில் 30%ஐத் தாண்டக் கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. பரிசு, தபால், விளம்பரச் செலவு எல்லாம் போகத்தான் ஊருக்கு மிச்சம். நல்ல பரிசு இல்லாத ஏழை ஊருக்கு அதுவும் குறைவு.

அதனால என் ஓட்டு கமிஷிஹோரோ வழிக்குத்தான். ஒரே தடவை கையில கொடுக்கிற பணம் ஆளைக் கூட்டிட்டு வரும். காப்பகம், பள்ளி, பஸ், டாக்டர் இருந்தாத்தான் அவங்க அங்கேயே தங்குவாங்க.

நீங்களும் ஊர் மாறி வேலைக்குப் போறதா இருந்தா இதே கணக்கைப் போடுங்க. ஒரு தடவை வர்ற தொகையைத் தனியா வைங்க. வாடகை, ஸ்கூல் ஃபீஸ், போக்குவரத்துன்னு 5 வருஷச் செலவைக் கூட்டிப் பாருங்க. அப்புறம் முடிவெடுங்க.

சொந்த ஊர்ல என்ன வசதி இருந்தா நீங்க திரும்பிப் போவீங்க? கமெண்ட்ல சொல்லுங்க.