லீலா சேத்தும் தூத்துக்குடித் திருமணப் பதிவும்

இந்தியாவில் மாநில உயர் நீதிமன்றம் ஒன்றின் தலைமை நீதிபதியான முதல் பெண் லீலா சேத். 1978-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1991-இல் இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1930-இல் லக்னோவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். கணவரின் வேலை காரணமாக லண்டனில் குடியிருந்தபோது கைக்குழந்தையோடு சட்டம் படித்து, அங்கு பாரிஸ்டர் தேர்வில் முதலிடம் பெற்றார். 2017 மே 5 அன்று காலமானார். அவர் விரும்பியபடி உடல் மருத்துவ ஆய்வுக்கு வழங்கப்பட்டது.

தன்பாலின உறவைக் குற்றமாகக் கருதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை எதிர்த்தவர்களில் முதன்மையான ஒருவராகவே இன்று அவர் நினைக்கப்படுகிறார். வியப்பு என்னவென்றால், இந்தப் பெயரை அவருக்குத் தேடித் தந்தவை அவர் எழுதிய தீர்ப்புகள் அல்ல. 1992-இல் ஓய்வு பெற்ற பின் பங்கேற்ற ஆணையங்களும், நாளிதழில் எழுதிய ஒரு கட்டுரையும்தான்.

முதலாவது, 15-ஆவது சட்ட ஆணையம். நீதியரசர் பி.பி.ஜீவன் ரெட்டி தலைமையிலான அந்த ஆணையத்தில் லீலா சேத் உறுப்பினர். 2000-ஆம் ஆண்டு வெளியான அதன் 172-ஆவது அறிக்கை 377-ஐ நீக்கச் சொன்னது. ஆனால், தன்பாலின ஈர்ப்பாளர்களின் உரிமையை முன்னிறுத்தி அது அப்படிச் சொல்லவில்லை. பாலியல் வன்முறைச் சட்டத்தைப் பால் வேறுபாடு பார்க்காமல் எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டும், அப்படி ஆக்கினால் 377-க்கு வேலை இராது என்பதே அறிக்கையின் வாதம். இந்த இரண்டு யோசனைகளும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைப் பின்னால் வந்தவர்கள் மறந்துவிட்டார்கள். 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 முற்றிலும் இல்லை. அதன் இடத்தில் வந்திருக்க வேண்டிய பொதுவான பாதுகாப்பும் இல்லை. வன்புணர்வுக்கு ஆளாகும் வயதுவந்த ஆணுக்கு உரிய பிரிவு என்று ஒன்று இன்று கிடையாது. திருநர்கள் மீதான பாலியல் கொடுமைக்கு 2019-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் விதிக்கும் உச்ச தண்டனை இரண்டு ஆண்டுகள்தான்.

அதே ஆணையத்தில் பெண்களின் சொத்துரிமை குறித்த 174-ஆவது அறிக்கை உருவானதிலும் லீலா சேத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்திருந்தது. அந்த வழியை நாடு முழுவதற்கும் விரிக்கும் திருத்தம் 2005-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நடந்த கூட்டு வன்புணர்வுக் கொடுமைக்குப் பிறகு, பாலியல் வன்முறைச் சட்டங்களை ஆராய அமைக்கப்பட்ட வர்மா குழுவிலும் அவர் இருந்தார்.

2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஏ.பி.ஷா, எஸ்.முரளிதர் அமர்வு, வயதுவந்தோர் இசைந்து தனிமையில் கொள்ளும் உறவுக்கு 377 பொருந்தாது என்றது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. இந்த மக்கள் மிகச் சிறிய எண்ணிக்கையினர் என்பதும், 150 ஆண்டுகளில் வழக்குக்கு உள்ளானவர்கள் 200 பேருக்கும் குறைவு என்பதும் அது சொன்ன காரணங்களில் அடங்கும். லீலா சேத்தின் மூத்த மகன், நாவலாசிரியர் விக்ரம் சேத், தன் பாலீர்ப்பை மறைக்காதவர். அந்தத் தீர்ப்பால் அவர் மீண்டும் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி ஆனார்.

2014 ஜனவரியில் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் லீலா சேத் எழுதிய கட்டுரை, தாயாகவும் நீதிபதியாகவும் ஒருசேரப் பேசியது. மகனின் இயல்பை ஏற்றுக்கொள்ளத் தனக்கும் கணவருக்கும் தொடக்கத்தில் கடினமாக இருந்தது என்பதை அவர் ஒளிக்கவில்லை. இந்த ஒப்புதலை மட்டும் எடுத்துக்கொண்டு அதை ஒரு தாயின் உருக்கமாகப் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். கட்டுரையின் பலம் அதன் சட்ட வாதத்தில் இருக்கிறது. எண்ணிக்கை உண்மையில் சிறியதன்று; சிறியதாகவே இருந்தாலும், பெரும்பான்மையின் கை ஓங்கும்போது சிறுபான்மையைக் காப்பதற்கென்றே அடிப்படை உரிமைகளும் நீதிமன்றமும் இருக்கின்றன என்றார் அவர். ஓய்வு பெற்ற நீதிபதிகள் உச்ச நீதிமன்றத்தை இவ்வளவு நேரடியாக மறுப்பது அரிது.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் வந்து சேர்ந்தபோது, அவர் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. குற்றம் நீங்கியது, குடும்பம் என்ற கேள்வி எஞ்சியது. அது தூத்துக்குடியில் உடனே எழுந்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று, ஊரார் சிவன் கோயில் என்று அழைக்கும் சங்கரராமேசுவரர் கோயிலில் ஓர் இளைஞருக்கும் ஒரு திருநங்கைக்கும் திருமணம் நடந்தது. பதிவு அலுவலகம் அதைப் பதிய மறுத்தது. ஆணும் திருநங்கையும் இணைவதால் தன்பாலின உறவு பற்றிய வழக்கு அன்று இது. ஆனால் சட்டம் யாரைக் குடும்பத்துக்குள் சேர்க்கும் என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே. 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி.ஆர்.சுவாமிநாதன், 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் ‘மணமகள்’ என்று சொல்லுமிடத்தில் திருநங்கையும் அடங்குவார் எனக் கூறி, பதிவுசெய்ய உத்தரவிட்டார். தம் பாலினம் எது என்று தீர்மானிப்பது அவரவர் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் அளித்த தீர்ப்பே அதற்கு அடிப்படை. இடைப்பால் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்தான நிலையில் தவிர, பால் மாற்று அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்ற ஆணையும் மதுரைக் கிளையின் தீர்ப்பில் உண்டு. தமிழக அரசு சில மாதங்களிலேயே அதை அரசாணையாக்கியது. பெருநகர இயக்கங்கள் எதுவும் திட்டமிட்டுத் தொடுக்காத, ஒரு துறைமுக ஊரின் பதிவு அலுவலகத்தில் முளைத்த வழக்குக்கு இது பெரிய விளைச்சல்தான்.

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. ஆனால் ஆண்-பெண் உறவில் உள்ள திருநர்கள் நடப்புச் சட்டங்களின்கீழ் மணம் செய்துகொள்ளலாம் என்று அதே தீர்ப்பு சொன்னது. தூத்துக்குடி வழக்கின் முடிவு நாடு முழுவதற்கும் உரியதானது.

2025 மே மாதம், பெற்றோர் வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை மீட்கக் கோரி அவருடைய தோழி தொடுத்த ஆட்கொணர்வு மனு சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அமர்வில் அதே ஜி.ஆர்.சுவாமிநாதன், உடன் வி.லட்சுமிநாராயணன். மகள் மற்றப் பெண்களைப் போல வாழ வேண்டும் என்று தவித்த தாயின் மனநிலை புரிகிறது என்ற நீதிபதிகள், எல்லாப் பெற்றோரும் லீலா சேத் ஆகிவிட மாட்டார்கள் என்று குறிப்பிட்டனர். அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படி செல்லவிட்டு, குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் எழுதினர்.

அப்படி அமையும் குடும்பத்துக்குச் சட்டம் தருவது இன்னும் சொற்பம். ஒன்றிய அரசு 2024-இல் வெளியிட்ட விளக்கங்களின்படி தன்பாலின இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம். குடும்ப அட்டையில் ஒரே வீட்டினராகச் சேரலாம். சொத்துக்கு வந்தால் கதை வேறு. லீலா சேத் மகள்களுக்காகத் திருத்தப் பாடுபட்ட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் முதல்நிலை வாரிசுகள் பட்டியலில் மகன், மகள், தாய், இறந்தவரின் மனைவி ஆகியோர் உண்டு. பதிவுக்காகப் போராடிய தூத்துக்குடித் திருநங்கைக்கு மனைவி என்ற இடம் அங்கே கிடைக்கும். சென்னை வழக்கின் இரு பெண்களில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொத்து மற்றவருக்குப் போகாது. பெற்றோர் வழிக்கே திரும்பும்.