விழா முடிந்த மறுநாள்தான் சேவை தொடங்குகிறது!

ஊருக்கு ஊர் சேவைச் சங்கம் இருக்கிறது. ரோட்டரி சங்கம் என்பார்கள். அரிமா சங்கம் என்பார்கள். அதில் டாக்டர் இருப்பார். வக்கீல் இருப்பார். பள்ளிக்கூட வாத்தியார் இருப்பார். இரும்புக் கடை முதலாளியும் இருப்பார். சொந்த வேலையை முடித்துவிட்டு ஊர் வேலைக்காகக் கூடுகிறவர்கள் இவர்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. கையிலிருந்து சந்தா வேறு கட்ட வேண்டும்.

கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம், மரக்கன்று நடும் விழா, ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று இவர்கள் செய்யும் காரியங்கள் பல. எல்லாம் நல்ல காரியங்கள்தான். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி உண்டு. பந்தலைப் பிரித்த பிறகு, மாலை வாடிய பிறகு, போட்டோக்காரர் போன பிறகு என்ன நடக்கிறது? சேவை உண்மையா, வெறும் விழாவா என்பதை அந்த மறுநாள்தான் காட்டிக் கொடுக்கும்.

கழிப்பறையில் தொடங்கிய தொண்டு

ரோட்டரி சங்கம் பிறந்தது அமெரிக்காவில் உள்ள சிகாகோ நகரில். பால் ஹாரிஸ் என்ற வக்கீல், 1905-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந்தேதி, மூன்று நண்பர்களுடன் கூடி அதைத் தொடங்கினார். அந்தச் சங்கத்தின் முதல் ஊர்ப்பணி எது தெரியுமா? பெரிய மாளிகை அல்ல. சிலையும் அல்ல. நகரில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று 1907-ல் அவர்கள் பாடுபட்டார்கள். ஊருக்கு எது தேவையோ அதைச் செய்தார்கள்.

அரிமா சங்கமும் அதே சிகாகோவில்தான் பிறந்தது. மெல்வின் ஜோன்ஸ் என்பவர் 1917-ல் தொடங்கினார். 1925-ல் அந்தச் சங்கத்தின் மாநாட்டுக்கு ஒரு பெண்மணி வந்தார். குழந்தைப் பருவத்திலேயே பார்வையையும் கேட்கும் சக்தியையும் இழந்தவர் அவர். பெயர் ஹெலன் கெல்லர். பார்வையற்றவர்களுக்குத் துணை நிற்கும் வீரர்களாக நீங்கள் ஆக வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அன்று முதல் கண் பணி அரிமா சங்கத்தாரின் முக்கிய பணி ஆயிற்று. இன்று தமிழ்நாட்டுச் சிற்றூரில் ஒரு பாட்டிக்குக் கண் முகாம் நடக்கிறது என்றால், அதற்கு அந்த அம்மையாரின் வேண்டுகோளும் ஒரு காரணம்.

பாட்டி ஏன் வரவில்லை?

வயதானால் பலருக்குக் கண்ணில் புரை விழுகிறது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப் போகிறது. இதற்குச் சொட்டு மருந்து கிடையாது. பச்சிலையும் உதவாது. அறுவை சிகிச்சை ஒன்றே வழி. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் சின்னஞ்சிறு செயற்கை வில்லையை வைக்கிறார்கள். மதுரையிலேயே 1992 முதல் இந்த வில்லைகள் தயாராகின்றன.

மதுரையில் டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த ஆஸ்பத்திரியும் உள்ளூர் சங்கங்களும் சேர்ந்து கிராமம் கிராமமாக முகாம் நடத்துகின்றன. இடம் பிடிப்பதும், தண்டோரா போடுவதும், கூட்டத்தை வரிசைப்படுத்துவதும் சங்கத்தின் வேலை. பரிசோதனையும் அறுவையும் டாக்டர்களின் வேலை. புரை உள்ளவர்களைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், சிகிச்சை செய்து, சாப்பாடும் போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

இவ்வளவு இருந்தும் எல்லாரும் வந்துவிடுகிறார்களா? இல்லை! கிராமங்களில் கண் கோளாறு உள்ள பெரியவர்களில் எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்று மதுரைப் பக்கம் ஆராய்ந்தார்கள். அந்த முடிவு 1999-ல் வெளிவந்தது. 100 பேருக்கு 7 பேர்கூட வரவில்லை!

காரணம் என்ன? ஒரு பாட்டியிடம் கேட்டால் தெரியும்.

"எனக்கு எதுக்கப்பா கண்ணு? இனிமே நான் படிக்கவா போறேன்?" என்பாள்.

அது வாய்ப்பேச்சு. மனசுக்குள் இருப்பது வேறு. கத்தி என்றால் பயம். கூட வர ஆள் இல்லை. மகன் வந்தால் அவனுடைய ஒரு நாள் கூலி போய்விடும். மருமகள் வந்தால் பேரப்பிள்ளையை யார் பார்ப்பது? சிகிச்சை இலவசம்தான். ஆனால் ஏழைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவதே செலவு.

சங்கத்து அன்பர்கள் இங்கேதான் தேவை. வீடு தேடிப் போக வேண்டும். ஏற்கெனவே அறுவை செய்துகொண்டு நன்றாகப் பார்க்கும் பக்கத்துத் தெருத் தாத்தாவைக் கூட அழைத்துப்போக வேண்டும். தலைவர் ஒரு மணி நேரம் மைக்கில் பேசுவதைவிட, "எனக்கு வலிக்கவே இல்லே, நீயும் வா" என்று அந்தத் தாத்தா சொல்லும் ஒரு வார்த்தை பெரிது.

சர்க்கரை கூடுதலாக இருந்தால், குறைத்துவிட்டு வரும்படி டாக்டர் திருப்பி அனுப்புவார். அப்படிப் போனவரை யார் நினைவு வைத்துக் கூப்பிடுவது? அறுவை முடிந்தவர் சில வாரம் சொட்டு மருந்து விட வேண்டும். சீட்டைப் படிக்கத் தெரியாத வீட்டில் யார் படித்துச் சொல்வது? இதெல்லாம் போட்டோவில் வராத வேலை. பாட்டிக்குப் பார்வை கிடைப்பது இந்த வேலையால்தான்.

ஒரே நாளில் நூறு பேர்

ரத்ததானத்தையும் பாருங்கள். தலைவர் பிறந்தநாள் என்று ஒரே நாளில் நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். மெச்ச வேண்டியதுதான். ஆனால் ரத்தம் அரிசி அல்ல, மூட்டையில் கட்டிவைக்க. குளிர்பெட்டியில் வைத்தாலும் சிவப்பணுக்கள் சுமார் 35 முதல் 42 நாள்தான் தாங்கும். தட்டணுக்களோ 5 நாள்தான்! ஆண் ஒருமுறை கொடுத்தால் மறுபடி கொடுக்க 3 மாதம் ஆக வேண்டும். பெண் என்றால் 4 மாதம்.

பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தால், அது தலைவர் பிறந்தநாளைப் பார்த்து வராது. ஆகவே அந்த நூறு பேரையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். ரத்த வங்கியைக் கேட்டு, மாதத்துக்குச் சிலர் என்று பிரித்து, வருஷம் முழுதும் அனுப்புவதே புத்திசாலித்தனம். மரக்கன்றும் அப்படியே. நடுகிறவர் பெயர் பலகையில் இருக்கிறது. கோடையில் தண்ணீர் ஊற்றுகிறவர் பெயர்தான் எங்கும் இல்லை.

பெருக்கல் குறி போட்ட வீடு

மறுநாள் வேலையைச் சரியாகச் செய்தால் என்ன ஆகும்? போலியோவே சாட்சி. இளம்பிள்ளை வாதம் என்று மக்கள் நடுங்கிய நோய் அது. அதை உலகத்தை விட்டே விரட்ட 1985-ல் ரோட்டரி சங்கத்தார் பெரும் பணியைத் தொடங்கினார்கள். பின்னர் அரசாங்கங்களும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் கை கோத்தன. இந்தியாவில் 1995 முதல் நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள்.

சொட்டு மருந்து நாளோடு வேலை முடியவில்லை. மறுநாள் முதல் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். வீட்டில் எல்லாக் குழந்தைகளும் மருந்து சாப்பிட்டிருந்தால் கதவில் ஒரு குறி. ஒரு குழந்தை விட்டுப்போயிருந்தாலும் பெருக்கல் குறி. அந்த வீட்டுக்கு மறுபடியும் போனார்கள். தாய் மறுத்தால் பேசிப் பார்த்தார்கள். பிள்ளை ஊருக்குப் போயிருந்தால் வந்ததும் போனார்கள்.

2009-ல் இந்தியாவில் 741 பேருக்கு இந்த நோய் கண்டது. 2011 ஜனவரி 13-ந்தேதி மேற்கு வங்காளத்தில் ஹவுரா பகுதியில் ஒரு பெண் குழந்தைக்குக் கண்டதே கடைசி. 2014 மார்ச் 27-ந்தேதி போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. இந்த வெற்றி மேடையில் கிடைத்ததா? இல்லை. பெருக்கல் குறி போட்ட வீட்டு வாசலில் கிடைத்தது.

தலைவர் மாறலாம், வேலை மாறலாமா?

இந்தச் சங்கங்களில் ஜூலை முதல் தேதி புதிய தலைவர் பொறுப்பேற்கிறார். நல்ல வழக்கம்தான். ஒருவரே நாற்காலியில் ஒட்டிக்கொள்ள முடியாது. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. புதியவர் தம் பெயர் சொல்ல ஒரு புதுத் திட்டம் வேண்டும் என்பார். பழைய தலைவர் வைத்த கன்று காய்ந்து போகும். பழைய முகாமில் சர்க்கரை என்று திரும்பிப் போன பாட்டி இருட்டிலேயே இருப்பாள்.

விழாவே கூடாதா என்று சிலர் கேட்கலாம். கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாலு பேர் பாராட்டினால் ஐந்தாவது ஆள் முன்வருவான். நன்கொடையும் வரும். ஆனால் மாலையும் பொன்னாடையும் ஊறுகாய் மாதிரி. இலையில் ஓரமாக இருக்கலாம். ஊறுகாயே சோறு ஆகிவிடக் கூடாது.

ஒவ்வொரு சங்கமும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். விட்டுப்போன வீடுகளின் பெயர் அதில் இருக்கட்டும். புதிய தலைவருக்குப் பதவிச் சின்னத்தைக் கொடுக்கும்போது அந்த நோட்டையும் கொடுக்கட்டும். அதில் உள்ள பெயர்களை அடித்துத் தீர்ப்பதே அவருடைய முதல் வேலையாக இருக்கட்டும்.

குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பக்கத்து வீட்டுப் பாட்டி சுவரைத் தடவி நடக்கிறாளா? முகாம் நாளை அவளுக்குச் சொல்லுங்கள். துணைக்குப் போங்கள். புதிதாக எழுத்துக் கற்றவர்கள் அவளுடைய மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுங்கள். அதற்குச் சங்கத்தில் சேர வேண்டியதில்லை. சந்தாவும் கட்ட வேண்டியதில்லை.

கட்டு அவிழ்த்த கண்ணால் பாட்டி பேரனின் முகத்தைப் பார்க்கும்போது, மேடையில் யார் தலைமை வகித்தார் என்று கேட்க மாட்டாள். வீடு தேடி வந்தவர் யார் என்பதை மட்டும் மறக்க மாட்டாள்.