எண்ணிப் பார்த்தோமா?

நம் கூட்டங்களில் திராட்சைக்காரர் யாராவது எழுந்தால் வரும் முதல் கேள்வி, "மாவுப்பூச்சி வந்துருச்சுங்க, என்ன அடிக்கலாம்?" என்பதுதான். வேப்பெண்ணெய் என்பார் ஒருவர். இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் என்பார் இன்னொருவர், அளவோடு. எத்தனை கொடியில் வந்திருக்கிறது, கொடியில் எந்த இடத்தில் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் எனக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவன். ரசாயனத்தை விட்ட பிறகும் பூச்சி இருக்கோ இல்லையோ, வாரம் ஒரு தடவை வேப்பெண்ணெயும் சோப்பும் அடித்துக்கொண்டே இருந்தேன். கடன் கேட்டு வந்தவரின் தோட்டத்தை நேரில் பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை; என் தோட்டத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லாமல் போச்சு.

மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்று உண்டு, கிரிப்டோலேமஸ் என்று பெயர். காசு கொடுத்து வாங்கி, மோசமாக இருந்த 60 கொடிகளில் கொடிக்குப் பத்து வீதம் விட்டேன். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் குலையெல்லாம் வெள்ளை வெள்ளையாய், முன்னைவிடப் பெரிசாய்! வண்டு ஏமாத்திருச்சு என்று நினைத்து, சோப்புக் கரைசலைக் கலந்து அடிக்கச் சொல்லிவிட்டேன். பாதி வரிசை முடிந்தபோது, எங்களிடம் கவாத்துக்கு வரும் அம்மா ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "சார், இது ஓடுது பாருங்க. மாவுப்பூச்சி இப்பிடி ஓடுமா?"

ஓடாது. அது நான் வாங்கி விட்ட வண்டின் புழு. மாவுப்பூச்சி மாதிரியே மேலே வெள்ளை மெழுகு, ஆனால் இழைகள் நீளமாக இருக்கும், வேகமாக நகரும். பத்து மடங்கு காட்டும் லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருந்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அந்தப் போகத்தில் கரும்பூசணம் படிந்த குலைகளை வியாபாரி வெட்டவே இல்லை. "பெட்டியில போட்டா எனக்குத்தான் கெட்ட பேரு சார்" என்று விட்டுப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

இப்போது புதன்கிழமை காலையில் 20 கொடி பார்க்கிறோம், ஓரத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம். முதலில் அடித்தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பார்ப்போம். மாவுப்பூச்சி கழிக்கும் தேனுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், வண்டையும் விரட்டும். எறும்பு ஏறினால் அந்தக் கொடியில் உரியும் பட்டையை நீக்கி உள்ளே பார்த்து, அடையாளத்துக்கு ஒரு துணி கட்டிவிடுவோம். பூக்கும் சமயத்தில் பூங்கொத்தை வெள்ளை அட்டையில் தட்டினால் இலைப்பேன் கீற்று மாதிரி நெளியும். அதை விட்டால் காயில் சொறி விழும். கவாத்துக்குப் பின் துளிர்க்கும் மொட்டைச் சுரண்டும் சின்ன வண்டுக்கு, காலையில் கொடிக்குக் கீழே குடையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவோம். செம்பேன் வண்டித்தடம் பக்கம், தூசி படியும் வரிசையில்தான் முதலில் வரும். கோடையில் அங்கே இலையின் அடிப்பக்கத்தை லென்ஸில் பார்க்காமல் விடுவதில்லை. எல்லாம் நோட்டில் ஏறும், பொறிவண்டும் சிலந்தியும் உட்பட.

"இயற்கை தானே சமன் பண்ணிக்கும், எண்ணுறதெல்லாம் விஞ்ஞானி வேலை" என்று நம்மவர்களே சொல்கிறார்கள். சமன் பண்ணுகிறதா என்று பார்க்காமல் எப்படித் தெரியும்? அப்படி நம்புகிறவர் வாரா வாரம் ஏன் டேங்கைத் தூக்குகிறார்? நாம் அடிப்பது இயற்கைக் கரைசல் என்பதால் வண்டுப் புழு பிழைத்துவிடாது. கந்தகத்தூளும் செம்பேனைத் தின்னும் நல்ல பேனை விட்டுவைக்காது. ஆள் கிடைக்கலை என்பார்கள். எண்ண எங்களுக்கு ஒன்றரை மணி நேரம், மருந்தடிக்க ஒரு நாள் கூலி.

எண்ணுவதும் கூலிக்குரிய வேலைதான். அந்த அம்மாவுக்குத் தனியாகவே கொடுக்கிறேன். கண்புரை அறுத்த என் கண்ணைவிட அவர் கண் கூர்மை. அடுத்த கூட்டத்துக்கு நோட்டோடு அவரையும் அழைத்து வருகிறேன். "என்ன அடிக்கலாம்" என்று கேட்பவர்கள் தங்கள் நோட்டையும் கொண்டு வரட்டும்.

போன புதன் துணி கட்டிய கொடிகள் நான்கு. தண்டில் பசைப்பட்டை சுற்றியும் எறும்பு மேலே இருந்தது. பந்தலின் கல்தூண் வழியாக ஏறியிருக்கிறது. நாளைக்குத் தூணுக்கும் சுற்றணும்.