சமைக்கத் தெரியாத பெண்ணும் நடுவர் நாற்காலியும்

விஜய் தொலைக்காட்சியில் 2019இல் தொடங்கிய ‘குக்கு வித் கோமாளி’ சமையல் போட்டியின் முதல் மூன்று சீசன்களிலும் பட்டம் வென்றவர்கள் பெண்கள்: வனிதா விஜயகுமார், கனி, ஸ்ருத்திகா. நான்காவதில்தான் மைம் கோபி வென்றார். அந்த நான்கு சீசன்களிலும் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொன்ன தாமு, வெங்கடேஷ் பட் இருவருமே ஆண்கள். அவர்களுடைய தகுதியில் எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் இந்த ஏற்பாடு நம் ஊருக்குப் பழகிப்போனது. வீட்டில் மூன்று வேளையும் உலை வைப்பவள் பெண்; கல்யாணச் சமையலுக்கு முன்பணம் வாங்குகிறவர் பெரும்பாலும் ஆண். அதே ஒழுங்கைத்தான் செட்டுக்குள் கொண்டுவந்து விளக்குப் போட்டிருக்கிறோம்.

அந்த நிகழ்ச்சி செய்த பெரிய காரியம் பட்டத்தில் இல்லை என்பேன். மணிமேகலையும் சிவாங்கியும் போட்டியாளர்களோடு சேர்க்கப்படும் கோமாளிகளாக வந்து, சமையல் தெரியாததை ஒளிக்காமல் ஆடிப் பாடினார்கள். “பொம்பளப் பிள்ளைக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாதா?” என்ற ஏச்சைக் கேட்காமல் வளர்ந்த பெண்கள் நம்மிடையே குறைவு. நெடுந்தொடர் மாமியார்கள் அதை இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த வசனத்தை எழுதுகிறவர்களும் நம் தொலைக்காட்சித் துறையினர்தான். ஆனால் இந்த நிகழ்ச்சியில், குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில், அந்தத் தெரியாமை ஒரு பெண்ணுக்கு இழுக்காகவில்லை. ஊரே மணிமேகலையையும் சிவாங்கியையும் வீட்டுப் பிள்ளைகளாகக் கொண்டாடியது. நான்காவது சீசனில் சிவாங்கி போட்டியாளராகவே அடுப்பின் முன் நின்றபோது, சமையல் யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான் என்பதை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆண் கோமாளிகள் வெங்காயத்தோடு மல்லுக்கட்டும்போது வரும் சிரிப்பு வேறு வகை. ஆணுக்கு இது தெரியாதது இயல்பு என்ற பழைய எண்ணத்தை அது அப்படியே விட்டுவிடுகிறது.

2021இல் சன் டிவியின் ‘மாஸ்டர்செஃப்’ தமிழ்ப் பதிப்பில் மூன்று நடுவர்களில் ஒருவராக ஆர்த்தி சம்பத் அமர்ந்தார். அமெரிக்காவின் ‘சாப்டு’ சமையல் போட்டியில் வென்றவர் அவர். ஒரு பெண் தொழில்முறைச் சமையற்கலைஞராக நின்று ஆண் போட்டியாளரின் தட்டை மதிப்பிடுவதைத் தமிழ் வீடுகள் பார்த்தன. அது வழக்கமாகியிருக்க வேண்டும்.

நம் கைக்குள் இருக்கும் வேலை ஒன்றும் உண்டு. போட்டியாளரை அறிமுகப்படுத்தும் ஏவி என்ற சிறு காணொளிக்கு எழுதும்போது பெண்ணிடம், “வீட்டில் யாருக்கு உங்கள் சமையல் பிடிக்கும்?” என்கிறோம், ஆணிடம், “எங்கே கற்றீர்கள், எப்போது உணவகம் தொடங்கப் போகிறீர்கள்?” என்கிறோம். அவள் ஜெயித்தால் கணவரின் முகத்துக்கு குளோசப் வெட்டி, தாய்மைக்கான இசையைப் போடுகிறோம். இதைச் சேனல் தலைமை கேட்பதில்லை. ஸ்கிரிப்ட் அறையிலும் எடிட்டிலும் பழக்கத்தில் நடக்கிறது. அடுத்த ஷெட்யூலுக்கான கேள்வித்தாளை இரு பாலருக்கும் ஒன்றாகவே அச்சடியுங்கள். நடுவர் பட்டியலை இறுதி செய்யும் முன், ஓட்டல் சமையலறைகளை நடத்தும் பெண்களில் இருவரையாவது நேரில் போய்ப் பாருங்கள்.